செக்கிங் அக்கா பார்த்த இலங்கை

நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் மத்தியானம், என்னைக் கேட்காமலே ஒரு அக்கா என் டிபன் பாக்ஸைத் திறந்து மோந்து பார்த்தார். பார்த்துவிட்டு மூடி வைத்தார். கொஞ்ச நாள் பழகிய பிறகு நானே கேட்டேன்.

"முதலாளி ஊட்டு ஆளான்னு பாத்தேன் கண்ணு," என்றார். "அவிய ஊட்டுக் கொழம்புல பெருங்காயம் தூக்கலா இருக்கும். திடீர்னு ஒரு பொண்ணைக் கொண்டாந்து பேக்கிங்ல உக்கார வெச்சா, என்னத்துக்குன்னு யோசிக்க வேண்டாமா?"

"நான் நாசரேத் பக்கம்க்கா. முதலாளி மொகம்கூட எனக்குத் தெரியாது."

"அப்படித்தான் சொல்லுவாங்க," என்றார். ஆனால் அன்றிலிருந்து என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்.

அவர் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது. யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் செக்கிங் அக்கா. மங்கலம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் எங்கள் கம்பெனி. வெளிநாட்டுக் குழந்தைகளுக்குப் பனியன் தைத்து அனுப்பும். தைத்து வரும் பீஸை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது செக்கிங் செக்‌ஷன் வேலை. மற்றவர்கள் முன்பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் திருப்புவார்கள். அக்கா எடுத்த எடுப்பிலேயே உள்பக்கத்தை வெளியே இழுத்துவிடுவார்.

"வெளிய எல்லாரும் நல்லாத்தான் தைப்பாங்க," என்பார்.

இந்தப் பழக்கம் மேஜையோடு நின்றிருந்தால் நான் இதை எழுதப் போவதில்லை. அக்கா எதையும் அப்படித்தான் பார்த்தார். கல்யாண வீட்டில் யாராவது விழுந்து விழுந்து உபசரித்தால், இவர்களுக்கு நம்மிடம் என்ன ஆக வேண்டியிருக்கிறது என்று என் காதில் கேட்பார். தக்காளி விலை குறைந்தால் அந்த வாரம் தக்காளி வாங்க மாட்டார். அவர் வீட்டுக்காரர் காதர்பேட்டை மொத்தக் கடைகளுக்குப் பனியன் மூட்டை ஏற்றிப் போகும் ஆட்டோ ஓட்டினார். சாயங்காலம் வீட்டு வாசலுக்கு வந்ததும் அக்கா முதலில் செய்வது, நிற்கும் ஆட்டோவின் இன்ஜின் பக்கம் கையை வைத்துச் சூடு பார்ப்பது. மனுஷன் வந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்று அதில் தெரிந்துவிடுமாம்.

"சந்தேகமாக்கா?"

"சந்தேகமெல்லாம் இல்ல. தெரிஞ்சு வெச்சுக்கறது."

நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். ஒரே ஒரு தடவைதான் யாரும் சிரிக்கவில்லை. பீகாரிலிருந்து வந்த ஒரு பெண் செக்கிங்கில் வேலை பார்த்தாள். காய்ச்சலோடு வேலைக்கு வந்து, மேஜையிலேயே தலை சாய்ந்துவிட்டாள். யாரோ முதலுதவிப் பெட்டியிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுத்தார்கள். அது வாய்க்குப் போகும் முன் அக்கா அவள் கையைப் பிடித்து, மாத்திரை அட்டையைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தார். காலாவதியாகி வருஷக்கணக்காகியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அக்கா பேசுவது ஒரு வார்த்தைகூடப் புரியாது. ஆனாலும் அதற்கப்புறம் அவள் எந்தச் சாப்பாட்டுப் பொருள் வாங்கினாலும் அக்காவிடம் கொண்டுவந்து காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டாள்.

நான் சேர்ந்த நாலாம் வருஷம் ஒரு பெரிய ஆர்டர் நல்லபடியாக முடிந்தது. தீபாவளிக்குப் பிறகு, பழைய ஆட்கள் கொஞ்சம் பேரை இலங்கைக்கு டூர் அனுப்புவதாக முதலாளி சொன்னார். பேக்கிங்கில் என்னையும் சேர்த்து இரண்டு பேர், செக்கிங்கில் அக்கா, கட்டிங் மாஸ்டர், அயர்னிங் ஆட்கள் என்று ஒரு வேன் நிறையும் அளவுக்கு. கூட மேனேஜர். பாஸ்போர்ட் எடுக்கும் செலவும் கம்பெனியுடையது. எல்லோரும் கை தட்டினார்கள்.

அக்கா தட்டவில்லை. "என்னத்துக்கு நம்மளை வெளியூர் அனுப்பறாரு?" என்றார். "பழைய ஆளெல்லாம் ஒருக்கா ஊரை உட்டுப் போயாச்சுன்னா, மிசினைத் தூக்கிட்டுப் போறதுக்கு வசதிதானே?"

எதிர்ப்பக்க பேக்கரிக்காரரிடம் சொல்லி வைத்தார்: கம்பெனி வாசலில் லாரி வந்து நின்றால் உடனே வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். பேக்கரிக்காரர் சொன்ன பேச்சை மதிப்பவர். நாங்கள் இலங்கையில் இருந்த நாட்கள் முழுக்க, காலி வாசலைப் படம் எடுத்துத் தினமும் அனுப்பினார்.

அக்கா கழுத்துச் சங்கிலியோடு கிளம்பினார். வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னோம்.

"ஊட்டுல ஆரு பாத்துக்குவா?"

"அதான் அண்ணன் இருக்காங்கள்லா."

"அவரு இருக்கறதாலதான் வெக்க முடியல," என்றார். உள்பாவாடையில் ஒரு பை தைத்து அதற்குள் சங்கிலியைப் போட்டுக்கொண்டார். வெளியூர்ச் சாப்பாட்டில் என்ன சேர்ப்பார்களோ என்று, ஒரு பெரிய டப்பா நிறையப் பருப்புப் பொடியும் வந்தது.

மதுரையில் விமானம் ஏறிக் கொழும்பில் இறங்கினோம். வேனோடு நின்றவர் பெயர் யோகன். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். அவரே டிரைவர், அவரே இடங்களைப் பற்றிச் சொல்கிறவர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர். எங்கள் தமிழைக் கேட்டதும் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். வெள்ளைக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றி அலுத்துப் போயிருந்தாராம்.

"அவங்ககிட்ட மனசு விட்டுக் கதைக்க ஏலாது அக்கா. நீங்க வந்தது நல்லம்," என்றார்.

அக்கா என்னிடம் குனிந்து, "வந்ததும் வராததுமா மனசை எதுக்கு உடறான்?" என்றார்.

யோகன் தன் நாட்டைக் காட்டியது, ஒருவர் தன் வீட்டைச் சுற்றிக் காட்டுவதுபோல இருந்தது. ஒவ்வொரு இடத்துக்கும் முன்னால் வண்டியை மெதுவாக்கி, "இது தானே..." என்று தொடங்குவார். பின்னவல ஆற்றில் யானைகள் கூட்டமாகக் குளிப்பதைக் காட்டி, அம்மா இல்லாத குட்டிகளைக் கொண்டுவந்து வளர்க்கிற இடம் என்றார். எங்களுக்கெல்லாம் வாய் மூடவில்லை. அக்கா ஒரு யானையின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அனாதைக்கு என்னத்துக்குச் சங்கிலி?"

"அது... மதம் பிடிச்ச நேரத்துல கட்டுறது அக்கா."

"எப்பப் புடிக்கும்னு அதுக்கே தெரியாதே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

யோகன் கோபப்படவில்லை. நன்றாகச் சிரித்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு இடத்திலும் சொல்லி முடித்ததும் கண்ணாடியில் அக்கா முகத்தைப் பார்ப்பார், இப்போது என்ன கேட்கப் போகிறார் என்று. பரீட்சை எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கும் பையன் மாதிரி.

சிகிரியாவுக்கு விடியும் முன்னே கிளம்பினோம். காட்டு நடுவே தனியாக எழுந்து நிற்கும் ஒரு பாறை. அதன் உச்சியில் ஒரு ராஜா அரண்மனை கட்டியிருக்கிறான், குளம் வெட்டியிருக்கிறான். யோகன் எங்களை அடிவாரத்தில் விட்டுவிட்டு, தான் வேனில் படுத்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் ஏறப் போகும்போது ஒன்று சொன்னார்: "மேல சத்தம் போடாம கதைங்க. குளவிக் கூடு இருக்கு."

"நம்ம பேசிக்கக் கூடாதுங்கறான்," என்றார் அக்கா. பாதி ஏறியதும் பாறையில் கறுப்புச் சாக்கு தொங்குவது போலத் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் சாக்கு அசைகிறது. அக்கா முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்து மூடிக்கொண்டு, "இந்த ஒண்ணு நெசந்தான்," என்று கிசுகிசுத்தார்.

பாறைக் குகைச் சுவரில் பழைய காலத்துப் பெண்களை வரைந்திருந்தார்கள். கையில் பூவும் தட்டுமாக, மேகத்திலிருந்து பாதி உடம்போடு எழுந்தவர்கள். நிறம் இன்னும் போகவில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போக, எல்லோரும் பார்த்தும் பார்க்காமலும் நகர்ந்தோம். அக்கா மட்டும் ஒரு பெண்ணின் முன்னால் நின்றுவிட்டார்.

"கண்ணு, இவளுக்குக் கை மூணு இருக்குது."

பார்த்தேன். நிஜமாகவே மூன்றாவதாக ஒரு கை, மங்கலாக, கீழே தெரிந்தது.

"ஆல்ட்டர் பீஸு," என்றார் அக்கா. "திருத்தியிருக்கான். பழசை முழுசா அழிக்கல."

கீழே வந்து யோகனிடம் சொன்னபோது அந்த மனிதர் வேனிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டார். "இதைச் சொல்லிக் காட்டினாத்தான் அக்கா ஆளுங்களுக்குத் தெரியும். தானாக் கண்டு பிடிச்ச ஆள் நீங்கதான்," என்றார். அன்று முழுக்க அக்கா முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்து, வழியில் தெரிகிற மரம், மலை, புத்தர் சிலை எல்லாவற்றையும் யோகனிடம் கேட்டுக்கொண்டே வந்தார். கண்டியில் புத்தரின் பல் இருக்கிற கோயிலில், அந்தப் பல்லைப் பெட்டிக்குள் பெட்டியாக வைத்துப் பூட்டியிருப்பதாக யோகன் சொன்னார்.

"பல்லை ஆரு பாத்தா?"

"நம்பிக்கை தானே அக்கா."

"நம்பறதா இருந்தா ஒரு பொட்டி போதுமே. எதுக்கு அத்தனை பொட்டி?"

யோகன் ஸ்டியரிங்கில் கை தட்டிச் சிரித்தார்.

கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறியது அடுத்த நாள். அறையைக் காலி செய்துவிட்டதால் எல்லோருடைய பைகளும் வேனில். பேராதனைப் பூந்தோட்டத்தில் சுற்றினோம். தேயிலைத் தொழிற்சாலை பார்த்தோம். ஒரு அருவிக்கு இறங்கிப் போனோம். அங்கே அக்கா ஓடுகிற தண்ணீரில் கையை விட்டு எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். எங்கள் கம்பெனி இருக்கும் ஊரில் ஓடுகிற நொய்யல் ஆற்றில் ஒரு காலத்தில் தண்ணீரின் நிறத்தை வைத்தே அன்றைக்குப் பட்டறைகளில் எந்தச் சாயம் ஓடுகிறது என்று சொல்லலாம். கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. இன்னொரு தடவை விட்டுப் பார்த்தார்.

மேலே ஏறும் வழியில் யோகன் வண்டியை ஓரமாக நிறுத்தி, தேயிலைச் சரிவில் வரிசையாகத் தெரிந்த தொழிலாளர் வீடுகளின் தகரக் கூரைகளைக் காட்டினார். "அந்தா தெரியுது பாருங்க, அதுதான் எங்க லயன். அம்மா இருக்காங்க. ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?"

நேரமாகிறது என்றார் மேனேஜர். அக்கா யோகனுக்குக் கேட்காதபடி என்னிடம் சொன்னார்: "அத்தனை தூரம் ஒதுக்குப்புறமா நம்மளைக் கூட்டிட்டுப் போயி என்ன பண்ணப் போறான்?"

நுவரெலியா ஹோட்டலில் பை இறக்கிக் கொஞ்ச நேரத்தில் அக்கா என் அறைக்கு வந்தார். சங்கிலியைக் காணோம். உள்பாவாடைப் பை காலி. பெட்டியைக் கவிழ்த்துத் தேடினோம். புடவை ஒவ்வொன்றையும் உதறினோம். கட்டிலுக்கு அடியில் பார்த்தோம். இல்லை.

"கடைசியா எப்பக்கா பாத்தீங்க?"

"கண்டியிலதான். காத்தால கெளம்பற அவசரத்துல... மேல இருந்தா கூட்டத்துல ஆராவது தடவிருவாங்கன்னு பொட்டிக்குள்ள வெச்ச மாதிரி இருக்குது." ஜன்னல் வழியாகக் கீழே நின்ற வேனைப் பார்த்தார். "பொட்டி பகல் பூரா வேன்ல இருந்துச்சு. சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு."

அந்த ஒரு வாக்கியத்தை அவர் என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வரவேற்பு மேஜையிலும் சொன்னார். ஹோட்டல்காரர்கள் வெளிநாட்டு விருந்தாளியின் நகை என்றதும் யோசிக்கவே இல்லை, போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். இரண்டு பேர் வந்தார்கள். யோகன் அப்போது ஈரத் துணியால் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ன விஷயம் என்று அவருக்குச் சிங்களத்தில் சொன்னார்கள். அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். கெஞ்சவும் இல்லை, சத்தம் போடவும் இல்லை. துணியைப் பிழிந்து பக்கெட் விளிம்பில் போட்டுவிட்டு, என்னிடம் வேன் சாவியை நீட்டினார்.

"சாமானெல்லாம் இறக்கியாச்சான்னு ஒருக்கா பாத்துக்கிருங்க தங்கச்சி," என்றார். அப்புறம் அவர்களோடு போனார்.

அக்கா வாசலிலேயே நின்றார். "கையெல்லாம் நடுங்குச்சா அவனுக்கு? நீ பாத்தியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நடுங்கியிருக்கோணுமே," என்றார்.

சாப்பிட உட்கார்ந்தோம். வெளியே மழைத் தூறல், உள்ளே குளிர். ஹோட்டல் குழம்பு பிடிக்காமல் அக்கா பருப்புப் பொடி டப்பாவைத் திறந்து கரண்டியை விட்டார். கரண்டி எதிலோ இடித்தது. கிளறினார். பாலித்தீன் கவர் ஒன்று மேலே வந்தது.

நான் அதைப் பார்த்தேன். மேனேஜரும் பார்த்தார். அக்கா கவரைப் பிரித்து, சங்கிலியை எடுத்து, மடியில் வைத்துத் துடைத்தார். காலையில் தூக்கக் கலக்கத்தில், பெட்டியில் வைத்தால் பூட்டை உடைப்பார்கள், பொடி டப்பாவை எவன் திறப்பான் என்று மாற்றியிருக்கிறார். அதற்கு முந்தின நாளும் எங்கேயோ மாற்றியிருக்கிறார். மாற்றி மாற்றி வைத்ததில் கடைசியாக எங்கே வைத்தோம் என்பது அவருக்கே மறந்துவிட்டது.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "இதை இப்பப் போயி சொன்னா, பொய்க் கம்ப்ளைன்ட்னு நம்மளை உக்கார வெச்சிருவாங்க. நாளைக்கு ஃப்ளைட் இருக்குது. காத்தால கெளம்பறப்ப, வேன்ல ஒரு ஓரத்துல கெடந்துச்சுன்னு போன்ல சொல்லிக்கலாமுங்க."

"காத்தால வரைக்கும் அவன் எங்க இருப்பானுங்க?"

"ஒரு ராத்திரிதானுங்க."

"வேன்ல கெடந்துச்சுன்னா, அவன் எடுத்துப் பயந்து போட்டுட்டான்னு ஆகாதுங்களா?"

மேனேஜர் தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார். அக்கா சங்கிலியைக் கழுத்தில் போட்டு, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி புடவைக்கு மேலே எடுத்து விட்டார். "எந்திரி கண்ணு," என்றார்.

ஒரு த்ரீவீலர் ஆட்டோ பிடித்துப் போனோம். போலீஸ் ஸ்டேஷனில் தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தார். அக்கா அவரிடம் டப்பா கதை முழுவதும் சொன்னார், எதையும் மறைக்கவில்லை. அவர் உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் பேசிவிட்டு வந்தார். "சரி அம்மா. பிரச்சினை இல்ல. அவரை அனுப்பியாச்சு. நீங்க போங்க."

நான் எழுந்துவிட்டேன். அக்கா பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

"எப்ப அனுப்புனீங்க?"

"இப்பத்தான். பின்பக்கமாப் போயிட்டார்."

அக்கா வாசலைப் பார்த்தார். படிக்கட்டு ஓரத்தில் செருப்புகள் கிடந்தன. "அந்தக் கடைசிச் செருப்பு அவன்ற செருப்புங்க," என்றார். "வலது கால்ல முன்பக்கம் மட்டும் தேஞ்சிருக்குது பாருங்க. டிரைவர் செருப்பு. இந்தக் குளிருல வெறுங்காலோட போவானுங்களா?"

அவர் செருப்பைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார்.

"கொண்டாந்து காட்டுங்க சாமி. நான் ஊட்டுக்கு வந்த ஒறம்பரையாட்டம் இங்கயே உக்காந்துக்கறேன். எனக்கு ஒண்ணும் சோலி இல்ல."

உட்கார்ந்தோம். அக்கா கால் மேல் கால் போடாமல், முதுகை நேராக வைத்து, செக்கிங் மேஜையில் உட்காருவது போலவே உட்கார்ந்திருந்தார். நடுவில் இன்னொருவர் வந்து ஆங்கிலத்தில் போகச் சொன்னார். அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது, தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் உள்கதவு திறந்து யோகன் வந்தார்.

அக்கா எழுந்து போய் அவரை வெளிச்சத்துக்கு இழுத்தார். இரண்டு கைகளையும் பிடித்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். முகத்தை ஒரு பக்கம் திருப்பினார், மறு பக்கம் திருப்பினார். காலரை இறக்கிப் பிடரியைப் பார்த்தார்.

"அடிச்சாங்களா?"

"இல்ல அக்கா."

"நம்பல நானு. சட்டையைத் தூக்கு."

"அக்கா..."

"தூக்கு சாமி."

அத்தனை பேர் முன்னால் யோகன் சட்டையைத் தூக்கினார். அக்கா அவரைச் சுற்றி வந்து முதுகைப் பார்த்தார். ஒன்றுமில்லை. இடது காது மட்டும் சிவந்திருந்தது. அக்கா அந்தக் காதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"குளிருக்கு," என்றார் யோகன்.

இன்னொரு காது ஏன் சிவக்கவில்லை என்று அக்கா கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "தப்பு என்னோடதுதான்," என்றார். அதுவும் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. யோகன் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஹோட்டலுக்குப் போங்க, மழை கூடுது," என்றார்.

மறுநாள் காலை வாசலில் வேறு டிரைவர் நின்றார். டூர் ஏஜென்சி மாற்றிவிட்டதாக மேனேஜர் சொன்னார். அக்கா வேனில் ஏற மறுத்துவிட்டார்.

"அந்தத் தம்பி வரட்டும்."

"அவன் மேலதானுங்க நேத்து கம்ப்ளைன்ட் குடுத்தீங்க?"

"ஆமாங்க. அதனாலதான் சொல்றேன். அவனை முழுசாச் செக் பண்ணியாச்சு. இந்த ஆளை இன்னும் பண்ணல."

ஃப்ளைட் போய்விடும் என்று மேனேஜர் கத்தினார். அக்கா பையின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஏஜென்சிக்கு மூன்று நான்கு போன் போன பிறகு யோகன் வந்தார். விமான நிலையம் வரைக்கும் அவர்தான் ஓட்டினார். இறங்குகிற வழியெல்லாம் மலை, அருவி, பாலத்தில் போகிற ரயில். எதற்கும் வண்டி மெதுவாகவில்லை. "இது தானே" என்று ஒரு தடவைகூட அவர் ஆரம்பிக்கவில்லை. கட்டிங் மாஸ்டர் ஏதோ ஒரு மலையின் பெயரைக் கேட்டதற்குப் பெயரை மட்டும் சொன்னார்.

விமான நிலையத்தில் எல்லோருடைய பைகளையும் இறக்கி வரிசையாக வைத்தார். "ஒருக்கா திறந்து பாத்துக்கிருங்க," என்றார். வெட்கத்தில் யாரும் தொடவில்லை. அக்கா மட்டும் குனிந்து, தன் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மூடினார். பிறகு மேனேஜருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "எல்லாம் இருக்குதுங்க. வெச்சது வெச்ச மாதிரி இருக்குது. எல்லாரும் கேட்டுக்குங்க."

யோகன் தலையசைத்துவிட்டு வேனுக்குப் போனார்.

ஊருக்கு வந்த பிறகு அக்கா மாறிவிட்டார் என்று சொல்ல ஆசைதான். மாறவில்லை. தக்காளி விலை குறைந்தால் வாங்கவில்லை. ஆனால் வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் போனைக் கொடுத்து அந்த ஏஜென்சிக்குப் பேசச் சொல்வார், யோகன் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று. இருக்கிறார் என்பார்கள். "சும்மா சொல்றாங்க," என்பார் அக்கா. ஒரு தடவை யோகனே எடுத்தார். "இருக்கேன் அக்கா. நல்லா இருக்கேன்," என்றார். போனை வைத்ததும் அக்கா சொன்னார், "பக்கத்துல ஆளை வெச்சுக்கிட்டுப் பேசறாப்புல இருக்குது."

எங்கள் கம்பெனிக்கு நூல் கொடுக்கிறவர் குடும்பத்தோடு இலங்கை போனபோது, அக்கா சொல்லி அவர்களும் யோகன் வண்டியையே எடுத்தார்கள். படம் அனுப்பினார்கள்: பாறைக்கு முன்னால் குடும்பம், ஓரத்தில் யோகன். அக்கா படத்தைப் பெரிதாக்கி யோகன் முகத்தை மட்டும் பார்த்தார்.

"சிரிக்கறானா, சிரிக்கச் சொன்னாங்களான்னு தெரியலையே கண்ணு."

அடுத்த வருஷம் தன் சொந்தச் செலவில் அவரே கிளம்பிப் போனார். வீட்டுக்காரரும் கூடப் போனார். டூர் என்றால் என்னத்துக்கு என்று முதல் தடவை கேட்ட அக்கா, இரண்டாம் தடவை கேட்காமலே போனார். அக்கா திரும்பி வந்தபோது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகி, வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிற சமயம். கடைசி நாள் மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"யோகனைப் பாத்தீங்களாக்கா? என்ன சொல்லுதாரு?"

"ஒண்ணும் சொல்லல. நல்லாத்தான் பேசினான். முன்ன மாதிரியே இது தானே, அது தானேன்னு எல்லாம் சொன்னான். அவங்கம்மா ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். டீ குடிச்சோம்."

"அப்ப மறந்துட்டாருக்கா. விடுங்க."

அக்கா தலையை ஆட்டினார். இல்லை என்கிற ஆட்டல்.

"ஆனையைப் பாக்கறதுக்கு எறங்குனோம். பையை வேன்லயே வெச்சுட்டுப் போனேன். பூட்டாமதான் வெச்சேன். பாதி வழி போயிட்டு, கண்ணாடியை மறந்துட்டேன்னு திரும்பி வந்தேன். வேன்ல அவன் இல்ல. வேனை உட்டு நெம்ப தூரம் தள்ளி, நடு மைதானத்துல, வெயில்ல நிக்கறான். டிக்கெட் குடுக்கறவங்க, கடைக்காரங்க, எல்லார் கண்ணுக்கும் தெரியறாப்புல நிக்கறான்."

நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

"அந்த எடத்துல மட்டும்தான் அப்படியோன்னு பாத்தேன் கண்ணு. பாறைக்கிட்டயும் அப்படித்தான். பல்லுக் கோயில்லயும் அப்படித்தான். பக்கத்துல நெழல் இருக்குது, போக மாட்டீங்கறான். நாம திரும்பி வர்ற வரைக்கும் வேன்கிட்டயே வர்றதில்ல. நூல்காரர் ஊட்டுலயும் கேட்டுப் பாத்தேன். அவங்களுக்கும் அப்படித்தானாமா. டிரைவர் நெம்ப மருவாதையான ஆளுன்னு சொன்னாங்க."

பெல் அடித்தது. செக்கிங் மேஜையில் டியூப்லைட்டைப் போட்டார்கள். அக்கா எழுந்திருக்கவில்லை.

"அப்புறம் நீங்க என்னக்கா செஞ்சீங்க?"

"என்ன செய்யறது? எங்கூட்டுக்காரரை மட்டும் எடத்தைப் பாத்துட்டு வரச் சொல்லிட்டு, நானும் போயி அவன் பக்கத்துல நின்னுக்கிட்டேன்."

"எல்லா எடத்துலயுமா?"

"எல்லா எடத்துலயுந்தான். நெம்ப வெயிலு," என்றார் அக்கா.